படலைக்கு வெளியே

நாரந்தனை ஊர் இலட்சுமிப்பிள்ளைக்கு அறுபத்திரண்டு வயது. முன்பு தோட்டத்தில் நின்று கூப்பிட்டால் மூன்றாம் வளவுக்குக் கேட்கும். வாதம் வந்து வலது கை விழுந்தது, வாய் கோணியது, பேச்சு நின்றது. இடது கையால் தலை வாரவும் சட்டை பூட்டவும் பழகிக்கொண்டார். தேங்காய் துருவ மட்டும் முடியவில்லை.

அந்த நிலையில்தான் தமையன் பாலசிங்கத்தின் மகளுடைய கலியாணத்துக்குப் போனார். பாலசிங்கம் வாசலிலேயே மறித்தார்.

"மாப்பிள்ளை பகுதி பாக்கும். வாயிலை வீணீர் வடியுது. பின்னாலை குசினிக்குள்ளை இரு."

வெங்காயக் கோதுகளுக்கு நடுவே இருந்தார். தாலி கட்டும் மேளம் மட்டும் கேட்டது. அன்றோடு இரு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

பிறகு ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் கேட்டாள்: "முதல் எந்தச் சொல்லைப் பழக வேணும் அம்மா? தண்ணியோ, மருந்தோ?"

இலட்சுமிப்பிள்ளை கதவைக் காட்டி, கையை அசைத்து அழைத்தார்.

"வாங்கோவோ?"

தலையாட்டினார். நல்ல மனுசி என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள். ஆறு மாதம் கண்ணாடிக்கு முன்னால் அந்த ஒரு சொல்லையே அரைத்தார்.

ஆவணியில் பாலசிங்கம் கலியாண அழைப்பிதழோடு வந்து வாசல் படலையில் நின்றார். கோபமாயிருந்த வீட்டுக்குள், வீட்டுக்காரர் வாய் திறந்து கூப்பிடாமல் யாரும் கால் வைப்பதில்லை.

"தங்கச்சி, மகன் சசிகரனுக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. நீ வராட்டி வேலணைச் சொந்தக்காரர் ஒருத்தரும் வரமாட்டினமாம். ஒருக்கா வா எண்டு சொல்லு, உள்ளுக்கு வந்து முறையாச் சொல்லுறன்."

"ம்... ம்ம்..." வீணீர் வடிந்தது. இலட்சுமிப்பிள்ளை துடைக்கவில்லை.

"பாவம், அவளுக்கு ஏலாது. பிள்ளை நிலாந்தினி, நீயெண்டாலும் கூப்பிடன்."

பக்கத்தில் நின்ற மகளின் மணிக்கட்டில் தாயின் இடது கை இறுகியது.

"அம்மா இருக்கேக்கை நான் என்னெண்டு மாமா கூப்பிடுறது?"

பாலசிங்கம் வெயிலில் நின்று பார்த்தார். கழுத்தில் வியர்வை ஓடியது. கடைசியில் அழைப்பிதழைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளடிக்குப் போனார்.

கரம்பொன்னிலிருந்து மீன் கொண்டு வரும் மாக்கிறேற் அப்போது படலையடியில் சைக்கிளை நிறுத்தினாள்.

"அக்கா, சூடை கிடக்கு. இப்ப பிடிச்சது."

இலட்சுமிப்பிள்ளை வாயைத் துடைத்தார். மாக்கிறேற்றைத் தாண்டி, தமையனின் பிடரியைப் பார்த்தார்.

"வாங்கோ," என்றார். "வாங்கோ. வாங்கோ."

மோட்டார் சைக்கிளை உதைக்கத் தூக்கிய கால் அப்படியே நின்றது.

மாக்கிறேற் வழக்கம்போலப் பின்பக்கம் குசினிக்குப் போகப் பார்த்தாள். இலட்சுமிப்பிள்ளை விடவில்லை. முன் விறாந்தைக் கதிரையைப் படலைக்கு நேரே இழுத்துப் போட்டு, மீன்காரியை அதில் இருத்தினார்.