தேங்காய்க் கடைக்குள் நடந்த இன்டர்வியூ

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்து, ஒவ்வொரு தடவையும் பேனாவை மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாவதோடு நின்றவள். கோயில் வாசலில் அம்மன் பாட்டு நிற்கக் காரணமானவள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வேறு. இன்று துணிந்துவிட்டேன்.

எங்களுக்கு அரியலூர் பக்கம் விக்கிரமங்கலம். குலதெய்வம் சிறுவாச்சூர் காளி. என் மகள் எங்கள் மாவட்டத்தில் கிடைக்கும், கல்லாகிப்போன கடல் நத்தைகளைப் பற்றி பி.எச்டி. ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தாள். தமிழோ, கணக்கோ, கல்லோ, எந்தப் பாடமானாலும் தேர்வாகிவிட்டால் படித்து முடிக்கும்வரை அரசாங்கம் உதவித்தொகை கொடுக்குமாம். அதற்கு விண்ணப்பித்திருந்தாள்.

என் வீட்டுக்காரர், "கல்லைப் படிக்க கவர்மெண்ட்டு காசு குடுக்குமா? அது வரலைன்னா மூட்டையக் கட்டிட்டு வந்துரச் சொல்லு" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். கெட்டவர் இல்லை. மழையை நம்பி மக்காச்சோளம் போடுகிறவர், அதற்குமேல் படிக்கவைக்க அவரால் முடியாது.

போனில் வீடியோவில் நடக்கும் இன்டர்வியூ திங்கட்கிழமை என்றிருந்தது. முந்தின வெள்ளிக்கிழமை மாவிளக்குப் போட மகளோடு சிறுவாச்சூர் போனேன். அந்தக் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அரிசியை அங்கேயே உரலில் இடித்து மாவாக்குவோம். பாதி இடித்திருப்பேன், போனைப் பார்த்த மகளின் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, இன்டர்வியூவ இன்னைக்கே மாத்திட்டாங்க. இன்னும் அரை மணி நேரந்தான் இருக்கு."

ஈர மாவைத் துணியில் முடிந்துகொண்டு வெளியே ஓடினோம். பெரம்பலூர் டவுனுக்குப் போக நேரமில்லை. எங்கு பார்த்தாலும் கூட்டம், இரைச்சல். போனில் சார்ஜும் இல்லை. ஒரு தேங்காய்க் கடை முன்னால் நின்று மகள் அழுதே விட்டாள். கடைக்கார அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். விஷயத்தைக் கேட்டார்.

"கல்லுக்குள்ள நத்தையா? சரி, அதை அப்பறமாச் சொல்லு. உள்ள வா பாப்பா, பிளக்கு இருக்கு."

மகளை உள்ளே உட்காரவைத்து ஷட்டரை இறக்கிவிட்டார். வாரத்தில் இரண்டே நாள் வியாபாரம், அதிலும் வெள்ளிக்கிழமைக் கூட்டம். தேங்காய் கேட்டு வந்தவர்களையெல்லாம் பக்கத்துக் கடைக்கு அனுப்பினார்.

ஸ்பீக்கரில் பாட்டைச் சத்தமாக வைத்திருந்த அந்தக் கடைக்காரர் சிரித்தார். "என்னக்கா, ஆடி மாசத்துலேர்ந்து எங்கூடப் பேச மாட்டேன்னுட்டு, இன்னைக்கு ஆளா அனுப்புற?"

"வித்துட்டுப் போ. அந்தப் பாட்டை மட்டும் நிறுத்து. உள்ள பொண்ணு இன்டர்வியூவுல இருக்கு."

அவர் தயங்கினார். "அம்மன் பாட்டுக்கா."

நானும் பயந்து, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மா, "அவளும் பொம்பளதானே. ஒரு பொம்பளப் புள்ளைக்காக நிறுத்துனா கோவிச்சுக்க மாட்டா. கோவிச்சா நான் பேசிக்கிறேன்" என்றார்.

பாட்டு நின்றது. மாவு மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

ஷட்டர் திறந்தபோது மகள் சிரித்துக்கொண்டு வந்தாள். "நம்ம ஊர்ல நெசமாவே கடல் இருந்துச்சான்னு கேட்டாங்கம்மா. நான் பேசப் பேச கேட்டுக்கிட்டே இருந்தாங்க." அதற்குப்பிறகுதான் மீதி அரிசியை இடித்து விளக்கேற்றினேன்.

சில வாரங்களில் அவள் தேர்வான செய்தி வந்தது. என் வீட்டுக்காரர் அரியலூர் பஸ்ஸில் முன்பின் தெரியாதவரிடமெல்லாம், "கவர்மெண்ட்டே காசு குடுத்து எம் மவளக் கல்லைப் படிக்க வைக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அம்மாவுக்கு மகள் ஒரு நத்தைக் கல்லைக் கொடுத்தாள். இன்றைக்கும் அது கடையில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் குங்குமத்தோடு இருக்கிறது.

படிப்பவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள். அம்மன் கண் திறந்தாள் என்று மட்டும் சொல்லி, கடையை மூடிய அந்த அம்மாவை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் அன்றைக்கு அம்மன் எனக்கு அவர் உருவத்தில்தான் தெரிந்தாள்.