மலை வலக்கைப் பக்கம்

எனக்குப் பள்ளிக்கூடம் தேடி எங்கள் குடும்பம் ஞாயிறுதோறும் சாயங்காலம் கனடாவுக்குப் போய்வந்தது. ஆட்டோவில் பத்து நிமிடம்தான். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாமாவின் ஜெராக்ஸ் கடை. அம்மாவின் தம்பியான அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கம்ப்யூட்டரின் பெரிய திரையில் அந்த ஊர்த் தெருக்களின் படத்தைத் திறப்பார். அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினால் தெரு வழுக்கிக்கொண்டு நம்மிடம் வரும். நாங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே நடப்போம்.

அப்பா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. அந்த ஊரில் வீடு எந்தப் பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் பிள்ளையைச் சேர்ப்பார்களாம். அதனால் முதலில் பள்ளி, அப்புறம்தான் வீடு. அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். எட்டு வயதுப் பெண் தனியாக நடந்து போய்வருகிற மாதிரி வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பா மட்டும் போகட்டும், நாங்கள் இங்கேயே இருந்துகொள்கிறோம் என்றாள்.

எப்போது போனாலும் அங்கே வெயிலடிக்கும். எதுவும் அசையாது. சிவப்புச் சட்டை போட்ட ஒருத்தி நாயைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கியபடியே வாரக்கணக்காக நின்றாள். அவள் முகத்தை மட்டும் யாரோ ஈரக்கையால் அழித்துவிட்டிருந்தார்கள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. தூங்கப் போகும்போது அந்தத் தெருவில் நானும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் நிற்பேன்.

செங்கம் ரோட்டைத் தனியாகக் கடக்கப் பயப்படுகிற அம்மா, கனடாவில் மூன்று பள்ளிக்கூடங்களை வேண்டாமென்று தள்ளினாள். ஒன்றில் குறுக்கே பெரிய ரோடு வந்தது. இன்னொன்றில் வழி கேட்கத் தெருவில் ஒரு ஆளில்லை. மூன்றாவது பள்ளியைப் பார்த்தால் கோடவுன் மாதிரி இருக்கிறது என்றாள். நாலாவது, மஞ்சள் செங்கல் கட்டடம். வழியெல்லாம் மரம். அப்பாவின் முகம் மலர்ந்தது. அப்போது அம்மா எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் கேட்கக்கூடியதைக் கேட்டாள்.

“மலை எந்தப் பக்கம்டா?”

மாமா படத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். நாலு பக்கமும் தட்டையாக வானம்தான் இருந்தது.

எங்கள் ஊரில் வழி என்றாலே மலைதான். பள்ளிக்குப் போகும்போது மலை வலக்கைப் பக்கம், திரும்பி வரும்போது இடக்கைப் பக்கம். அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவே. ஒருமுறை கார்த்திகை தீபக் கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்ட நான், மலையை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். மார்கழிக் காலையில் பனி மூடி மலை காணாமல் போனால் எனக்குப் பயமாக இருக்கும். அது எங்கேயும் போகவில்லை, அங்கேதான் இருக்கிறது என்று அம்மா என் தலையை வாரிக்கொண்டே சொல்வாள்.

அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். தூக்கத்தில் யாரிடமோ வீட்டுக்கு வழி கேட்டு அழுதேனாம். மாத்திரையில் தணிந்துவிட்டது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை அம்மா அப்பாவிடம் சொன்னதுதான் என்னைக் கலக்கியது.

“நாங்க வரல. நீங்க போயிட்டு வாங்க. மலை இல்லாத ஊர்ல எப்படிங்க இருக்கறது?”

அப்பா சட்டையை மடித்து வைத்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். அப்பா இல்லாத வீட்டை நினைத்து நான் அந்தச் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை என் பிறப்புச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமென்று அம்மா தனியாக ஆட்டோ பிடித்து மாமாவின் கடைக்குப் போனாள். சான்றிதழை மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கையில் கடலை மிட்டாய்ப் பொட்டலம் மட்டும்தான் இருந்தது. நான் மிட்டாயைத் தின்றேன்.

மறுநாள் மாமா திரையைத் திறந்ததும், போன வாரம் தான்தான் சரியாகத் திருப்பவில்லை என்றார். ஒரு தட்டு தட்டினார். அதே மாதிரி மரங்கள், அதே மாதிரி வீடுகள். தெருவின் முடிவில் நீலமாக ஒரு மலை நின்றது.

“இருக்குதே,” என்றாள் அம்மா. “அப்ப போலாம்.”

அப்பா திரையைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரையின் மூலையைப் பார்த்தேன். அந்த ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. எஸ் எழுத்தில் தொடங்குகிற பெயர் அன்றைக்குக் கே எழுத்தில் தொடங்கியது. மாமா வேறு ஏதோ ஊரைக் காட்டி ஏமாற்றுகிறார். நிமிர்ந்தேன். மாமா என் கண்ணைப் பார்க்காமல் எழுந்துபோய் ஃபேனை வேகமாக வைத்தார்.

சொன்னால் அம்மா வரமாட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு அம்மா மலைப் பேச்சை எடுத்தாலே தண்ணீர் கேட்டேன், வயிறு வலிக்கிறது என்றேன். ஒரு பெரிய மனுஷியைப் போல அந்த ரகசியத்தைச் சுமந்துகொண்டு விமானம் ஏறினேன்.

நாங்கள் போய் இறங்கிய நாளிலிருந்து அந்த ஊரைப் பனி மூடியிருந்தது. தெருமுனைகூடத் தெரியவில்லை. சிவப்புச் சட்டைக்காரியைக் காணவில்லை. பனி விலகவே கூடாது என்று, அங்கே யார் காதில் விழுமோ தெரியாது, வேண்டிக்கொண்டேன். நாலாம் நாள் பள்ளி. அப்பா வேலைக்குப் போய்விட, தன்னைவிடப் பெரிய கோட்டுக்குள் புகுந்துகொண்டு அம்மா என்னைக் கூட்டிப்போனாள். முனையில் நின்று, கையுறை போட்ட கையை நீட்டினாள்.

“போறப்ப மலை வலக்கைப் பக்கம். வர்றப்ப இடக்கைப் பக்கம். பனியில தெரியல, அவ்ளோதான். எங்கியும் போவல, அங்கதான் இருக்குது.”

பாவம், இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாளே என்று எனக்கு அழுகை முட்டியது. வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லாத அந்தப் பக்கத்தைக் கண்ணை இடுக்கிப் பார்த்தேன்.

“லேசா தெரியுதும்மா,” என்றேன்.

அம்மா என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு அங்கேயே குனிந்து, ஒழுங்காக இருந்த என் மஃப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டினாள். அதைக் கட்டி முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. அம்மாவைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு நான் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தேன். ஜெராக்ஸ் எடுக்கப் போனவள் சான்றிதழை ஏன் வீட்டிலேயே விட்டுப் போனாள், மாமாவிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாள் என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.