மரம் முளைக்காத மனை

எங்கள் வீடு ஒரே மழைக்காலத்தில் ஒன்றரை அடி மண்ணுக்குள் இறங்கியது. இறங்கும் என்று எனக்கு முன்பே தெரியும். கட்டியவருக்குத்தான் தெரியாது.

அறுபதுகளில் நாங்கள் பாராடாங் தீவில் இருந்தோம். என் வீட்டுக்காரர் காட்டிலாகாவுக்குக் கொட்டகையும் கிடங்கும் கட்டிக்கொடுக்கும் சின்ன கான்ட்ராக்டர். போர்ட் பிளேரிலிருந்து படகில் வந்து இறங்கி, மேட்டில் இரண்டு மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். ஊர் என்றால் இருபது வீடு. மரம் வெட்ட வந்த ராஞ்சிக்காரர்கள் பாதி, வங்காளிகள் மீதி. எல்லாரும் ஹிந்தியில்தான் பேசிக்கொள்வார்கள். குடும்பம் என்று பார்த்தால் தமிழுக்கு நாங்கள் இரண்டு பேர். அதிலும் அவர் பேசமாட்டார்.

ஊருக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஏறினால் எரிமலை. நெருப்பெல்லாம் கிடையாது. சாம்பல் நிறச் சேறு குழிகுழியாகத் தேங்கி, கேழ்வரகுக் கூழ் கொதிப்பது மாதிரி பொக் பொக்கென்று குமிழி விடும். தொட்டால் சில்லென்று இருக்கும், லேசாக மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். அங்கே அதற்கு ஜல்க்கி என்று பேர். எப்போதாவது பூமி குலுங்கினால் சேறு பொங்கி வழியும், பிறகு காய்ந்து கெட்டிப்படும். இப்போது அதைப் பார்க்க வேன் பிடித்து வருகிறார்களாம். வரட்டும். சேற்றைப் பார்க்க என்ன இருக்கிறதோ.

நாங்கள் குடியிருந்தது கூலிக் கொட்டகையில் ஒரு தடுப்பு. பலகைக்கு அந்தப் பக்கம் அவருடைய ஆட்கள் ஆறு பேர் படுத்திருப்பார்கள். அவர்கள் இருமினால் என் பாயில் கேட்கும். இந்த லட்சணத்தில் பிள்ளையை எங்கே வைத்துக்கொள்வது என்று ஐந்து வயது மகளைப் பரமக்குடியில் என் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊருக்குப் போகலாம் என்று நான் பேச்செடுக்கும்போதெல்லாம் அவர் "வீடு முடியட்டும்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. வீடு முடிந்தால் இந்தக் காட்டிலேயே என் காலத்தை முடித்துவிடுவார் என்றுதான் நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

வீடு கட்ட அனுமதி கேட்டபோது காட்டிலாகா அதிகாரி ஒரே நிபந்தனை போட்டார். ஒரு மரத்தையும் வெட்டக்கூடாது. சுற்றிலும் வானம் தெரியாத காடு. இவர் தேடி அலைந்து, ஜல்க்கிக்குக் கீழே ஒரு வெட்ட வெளியைக் கண்டுபிடித்தார். ஒரு புல்கூட இல்லாத சாம்பல் தரை, சிமென்ட் போட்ட மாதிரி. எங்கள் சீமையில் மரமில்லாத தரை ஒரு அதிசயமா? அவருக்குச் சந்தேகமே வரவில்லை. தூணுக்குக் குழி தோண்டியபோது இரண்டடியில் ஈரம் கண்டது. ராமநாதபுரத்துக்காரனுக்கு இரண்டடியில் ஈரம் கண்டால் சந்தோஷம்தான் வரும். கிணற்றுக்கு அலைய வேண்டாம் என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.

மறுநாள் பக்கத்துக் குடிசை ராஞ்சிக்காரி விறகோடு வந்தாள். விறகை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் கட்ட வேண்டாம் என்று உன் வீட்டுக்காரரிடம் சொல் என்றாள். "உஸ் ஜமீன் மே பேட் நஹி உக்தா, பஹன்." அந்த மண்ணில் மரம் முளைக்காது என்கிறாள். முன்னே ஒருத்தன் அங்கே மாட்டுக் கொட்டகை போட்டானாம், இரண்டு மழையில் மண் விழுங்கிவிட்டதாம். என் ஹிந்தி அப்போது அரைகுறைதான். ஆனால் இது நன்றாகவே புரிந்தது. சரி, சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது வாய் வரைக்கும் வந்தது. அந்த வீடு போனால்தான் இந்த மனுஷன் ஊருக்குக் கப்பல் ஏறுவார் என்று தோன்றியது. குழம்பை ஊற்றினேன். மறக்கவுமில்லை, பயப்படவுமில்லை. என் மகளிடம் போக வேண்டும், அவ்வளவுதான்.

காட்டிலாகாவில் விலைக்கு வாங்கிய படாக் மரத்தில் தூண், மேலே தகரம், இரண்டு அறை. கூலியாட்கள் போன பிறகும் அவரே இழைப்புளி போட்டார். உள் அறையில் ஜன்னலை ரொம்பத் தாழ்வாக வைத்தார். யாருக்கு இவ்வளவு தாழ்வாக என்று கேட்டதற்கு, காற்று வரும் என்றார். சித்திரையில் குடி போனோம்.

ஆனி மாதம் ஒரு நாள் பாத்திரமெல்லாம் குலுங்கியது. நான்கு நாள் விடாத மழை. பிறகு கதவு மூடவில்லை. அப்புறம் தரைப் பலகைகளுக்கு இடையில் சாம்பல் சேறு பிதுங்கியது. ஆவணிக்குள் ஒரு பக்கத் தூண்கள் இறங்கி, தகரம் கோணி, வீடு மண்டியிட்ட மாடு மாதிரி நின்றது. பலகைகளையாவது காப்பாற்றலாம் என்று ஊர் முழுக்க வந்து பிரித்தார்கள். நானும் சுமந்தேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அப்போதுதான் அவர் ராஞ்சிக்காரர்களைப் பார்த்துக் கேட்டார். இத்தனை வருஷம் இங்கே இருக்கிறீர்களே, ஒருத்தராவது என்னிடம் சொல்லக்கூடாதா என்று. விறகு கொண்டுவந்த அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பழியைத் தன் தலையில் வாங்கிக்கொள்ளத் தயாராகிவிட்டாள் என்று தெரிந்தது. அதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவ சொன்னா. நாந்தான் ஒங்கள்ட்ட சொல்லல" என்றேன்.

அவர் கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். மறுபடி பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பழையபடி கொட்டகைத் தடுப்புக்கு வந்தோம். சாயங்காலம் அவர் கேட்டார், "ஏன்?"

"புள்ளய விட்டுட்டு இருக்க முடியல. வீடு போச்சுன்னா ஊருக்குக் கெளம்பிருவீங்கன்னு நெனச்சேன்."

காலில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டினார். பிறகு, "அவளக் கூட்டியாரத்தான வீடே கட்டுனேன்" என்றார்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொன்னார். போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தர் குடும்பம் மேன்லேண்ட் போயிருந்தது. திரும்பி வரும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வர ஏற்பாடு. அண்ணனுக்கு எழுதியாகிவிட்டது, ஐப்பசிக் கப்பலில் டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. காட்டிலாகா முகாமில் இருந்த பள்ளிக்கூடத்தில் அவள் பேர் சொல்லி வைத்திருக்கிறாராம். அந்தத் தாழ்ந்த ஜன்னல் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

"கப்பல விட்டு எறங்குறப்ப நீ பாக்கணும்னு இருந்தேன்."

வரட்டுமே, என் மடியில் கிடந்துவிட்டுப் போகிறாள் என்று அழுதேன். அவர் பலகைத் தடுப்பைக் காட்டினார். அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். சம்பாதித்ததெல்லாம் அந்த மரத்திலும் தகரத்திலும் போயிருந்தது. ஊருக்குத் திரும்பவும் வழியில்லை. இன்னொரு வீடு எழும்ப மூன்று வருஷமாவது ஆகும் என்றார்.

பிறகு ஒரு இன்லேண்ட் கவரை எடுத்து என் முன்னால் வைத்தார். "வர வேண்டாம்னு எழுது. நீயே எழுது."

எழுதினேன். வீடு சரியில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் எழுதினேன். ஏன் சரியில்லை என்றும் எழுதவில்லை, மூன்று வருஷம் ஆகும் என்றும் எழுதவில்லை.

அண்ணியின் பதில் இரண்டு கப்பல் தள்ளி வந்தது. எல்லாரும் சுகம் என்று இருந்தது. பிள்ளை பத்து நாளாகப் பெட்டியைக் கட்டி வாசல் பக்கமே வைத்திருந்தாளாம். என் கடிதத்தை அண்ணன் படித்துச் சொன்னதும், எழுந்து போய்ப் பெட்டியை அவளே பிரித்து, துணிகளை மடித்துக் கொடியில் போட்டுவிட்டாளாம். அழவேயில்லை, ரொம்ப நல்ல பிள்ளை என்று அண்ணி எழுதியிருந்தாள்.