நாற்பத்தைந்து கிலோ

எருமைப்பாலில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி நுரை எழும்ப ஆற்றும்போது வருகிற கவிச்சி வாடை இன்றைக்கும் எங்காவது மூக்கில் பட்டால், கரையான்சாவடியில் மெயின் ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் ஓலை வீடும், அந்த ஆறு வாரத்து விடியற்காலைகளும் அப்படியே கண்முன் வந்து நிற்கின்றன. பித்தளை டம்ளரைச் சுற்றி நாங்கள் மூன்று பேர் இருப்போம்: ஆற்றிக்கொண்டு அம்மா, குடிக்கவேண்டியவனாக நான், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த சரோஜா அக்கா. அக்கா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஏழு மாத வயிற்றோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். நைனா மட்டும் இருக்க மாட்டார். எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். டம்ளர் சத்தம் கேட்டதும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். நான் குடித்து முடித்த பிறகுதான் வருவார்.

நான் அப்போது பள்ளி இறுதி வகுப்பில் தேறியிருந்தேன். எங்கள் வம்சத்தில் தேர்வு என்று ஒன்றை எழுதியவன் நான்தான். நைனா சென்னீர்குப்பத்தில் பிறருடைய நிலத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்த நிலங்கள் விலைபோய் கிடங்குகள் வந்ததும், அதே மண்ணின் மேல் நின்று மூட்டை தூக்கினார். 'எழுதற வேலையே ஓணும்னு இல்ல, நெழல்ல நிக்கிற வேலையா இருந்தா போதும்' என்பது அவர் அடிக்கடி சொல்வது. ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். 'இன்டர்வியூ'வுக்கு அழைப்பு வந்தது.

அந்தச் சொல்லே எங்கள் வீட்டுக்குப் புதிது. ஆங்கிலத்தில் கேட்பார்கள் என்று யாரோ சொன்னதால், நானே பதில்களை எழுதி மனப்பாடம் செய்தேன். ஒப்பிப்பதற்கு ஆள் வேண்டுமே? வளைகாப்பு முடிந்து வந்திறங்கியிருந்த அக்கா, 'நான் கேக்கறேன் வாடா' என்றாள். அவளை மூன்றாம் வகுப்போடு நிறுத்தியிருந்தார்கள். கை நிறைய வளையலும் மேடிட்ட வயிறுமாக முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, குரலைக் கனமாக்கிக் கேட்பாள்.

"இன்னா தம்பி, உன் பேரு இன்னா? உங்க நைனா இன்னா வேல செய்றாரு?"

"மை ஃபாதர் இஸ் எ லோட்மேன், சார்."

"சாரா? ஆபீசரம்மான்னு சொல்லு. இல்லாட்டி வேல கெடையாது, போ!"

ஒரு சொல்லும் அவளுக்குப் புரியாது. ஆனால் நான் திக்கினால் உடனே கண்டுபிடித்துவிடுவாள். "நடுவுல நின்னுட்ட. மறுபடி சொல்லு. நிறுத்தாம சொன்னாதான் பாஸு" என்று திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தாள். ஒரு வாரத்தில் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன் என்றாகிவிட்டது.

நேர்காணலில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். முதலில் பெயரைக் கேட்டார்கள், அடுத்து அப்பாவின் வேலையை. அக்கா கேட்ட அதே வரிசை! எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, பயம் போய்விட்டது. எங்கும் நிற்காமல் சொன்னேன். நடுவில் இருந்தவர் தலையாட்டிவிட்டு, "நீ தேறிவிட்டாய். உடற்பரிசோதனைக்குப் போ" என்று தமிழிலேயே சொன்னார்.

அடுத்த அறையில் எடை பார்க்கும் இயந்திரம் இருந்தது. அதில் ஏறி நின்றதும் கம்பவுண்டர் முள்ளைக் குனிந்து பார்த்து, "நாப்பத்தியொண்ணு" என்று கத்தினார். நாற்பத்தைந்து இருந்தால்தான் எடுப்பார்களாம். டாக்டர் சீட்டில் ஏதோ எழுதி, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். அப்போதும் தேறாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

எடை ஏற நான் பால் குடித்தாகவேண்டும் என்று அன்று இரவே வீட்டில் முடிவாயிற்று. வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது ஒரே ஒரு செம்புப் பால். அதுவும் காசுக்கு வந்ததல்ல. அக்கா வரப்போகிறாள் என்றதும் அம்மா பக்கத்து எருமைக் கொட்டகையில் சாணி வார ஒப்புக்கொண்டாள். அந்த வேலைக்குப் பதிலாகத்தான் அந்தப் பால். மறுநாள் இன்னொரு செம்பு கேட்டுப் பார்த்தாள். கொட்டகைக்காரர் சிரித்தார். "ஒரு சாணிக்கு ரெண்டு செம்பா? உன் புள்ள வேலைக்குப் போய் சம்பளம் வாங்கினப்புறம் ராஜாவாட்டம் காசு குட்த்து வாங்கிக்கம்மா."

அம்மா திரும்பி வந்து செம்பைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தபடி நின்றாள். அக்காதான் செம்பை என் பக்கம் தள்ளினாள்.

"குடிடா. நீ வேலைக்குப் போய்ட்டா ஊட்ல எல்லாரும் குடிக்கலாம். எனக்கு அந்த வாடயே கொமட்டுது."

வீட்டுக் கோழி இடும் முட்டையும் என் பக்கம் வந்தது. என்றாவது கருவாடு வாங்கினால் சதையுள்ள துண்டு என் தட்டில் விழும். அக்கா கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு, "வவுறு ரொம்பிப்போச்சு" என்பாள். அம்மா எழுந்து கொல்லையில் போய்ப் பாத்திரம் தேய்ப்பாள். வேலையில்லாமல் வளையவரும் பக்கத்து வீட்டுக் கன்னியப்பனுக்கு நான் நல்ல வேடிக்கை.

"இன்னா மாமே, கன்னம்லாம் உப்பிக்கினு வருது? மஞ்சத் தண்ணி ஊத்தினா தலையாட்டுவ போலக்கீதே! எந்தக் கோயிலுக்கு நேர்ந்து உட்டுக்கீறாங்க?"

நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் பால் தொண்டையில் இறங்கும்போதெல்லாம் எதிரே இருக்கும் அக்காவைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்ளப் பழகியிருந்தேன்.

ஆறு வாரம் கழிந்தது. எங்கும் எடை பார்த்துக்கொள்ளவில்லை; பார்த்தால் திருஷ்டி என்று அம்மா தடுத்துவிட்டாள். அன்று காலை ஒரு சீப்பு வாழைப்பழத்தை என்னைத் தின்ன வைத்தார்கள். 'தண்ணிகூட எட தான்' என்று யாரோ சொன்னதை நம்பி, செம்பு செம்பாகத் தண்ணீரும் குடித்தேன். பூந்தமல்லியில் பஸ் ஏறியதிலிருந்து அடிவயிறு முட்டத் தொடங்கியது. டாக்டர் தாமதமாக வந்தார். போய்விட்டு வந்தால் எடை குறைந்துவிடுமே என்று பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே கூப்பிட்டபோது இயந்திரத்தைத் தேடினேன். அது மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. மேலே ஒரு துணி போர்த்தியிருந்தது.

"மிஷின் ரிப்பேர்ப்பா" என்றார் கம்பவுண்டர்.

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சட்டைக் கையை மேலே தள்ளி, புஜத்தை இரண்டு விரலால் ஒரு தரம் அழுத்தினார். பிறகு காகிதத்தில் நாற்பத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வேலை கிடைத்துவிட்டது. அம்மா அழுதாள். நைனா முதன்முறையாக என் தோளில் கை வைத்தார். அக்காவுக்குத்தான் ஒரு விவரம் தெரியவேண்டியிருந்தது.

"எவ்ளோடா இருந்த?"

"நாப்பத்தஞ்சு" என்றேன்.

"கரீக்ட்டா கீது பாத்தியா!" என்று கை தட்டினாள். பிறகு குனிந்து தன் வயிற்றிடம், "கேட்டுக்கினியா? உங்க மாமன் பாஸாய்ட்டான்" என்றாள்.

அடுத்த சில நாட்களிலேயே, நாள் நெருங்கும் முன்பாகவே, அவளுக்கு வலி கண்டது. பிரசவ ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் அதைத் தட்டில் கிடத்தி எடை பார்த்தார். அங்கே இருந்த தராசு நன்றாகவே வேலை செய்தது. எண்ணைச் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்து, "புள்ளத்தாச்சிக்குப் பால், முட்டை ஏதாச்சும் குடுத்தீங்களாம்மா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். வாசற்படிவரை வந்திருந்த நைனா திரும்பித் தெருவுக்குப் போய்விட்டார். பெயர் வைக்கும் முன்பே குழந்தை போய்விட்டது.

ஆண்டுகள் சில ஆகின்றன. எருமைக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன; பால், பூத்திலிருந்து பாட்டிலில் வருகிறது. ஓலைக்குப் பதில் ஓடு போட்டுவிட்டோம். அக்கா புருஷன் வீட்டில், இரண்டாவதாகப் பிறந்த பையனோடு இருக்கிறாள். வந்தால், காப்பியைப் பால் விடாமல்தான் கேட்பாள். அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை, நைனாவும் எடுத்ததில்லை. அவர் மட்டும் இன்னமும் நான் பால் குடிக்கிற வேளையில் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

தொழிற்சாலையில் ஆண்டுக்கொரு முறை எங்களுக்கு உடற்பரிசோதனை உண்டு. இயந்திரத்தைச் சரிசெய்துவிட்டார்கள். நான் ஏறி நின்றதும் அதே கம்பவுண்டர் குனிந்து பார்த்து எதையோ உரக்கக் கத்துகிறார். ஐம்பதுக்கு மேல் ஏதோ ஒன்று. என் காதில் அது விழுவதில்லை. அங்கே விழுவது அன்றைக்கு அந்த நர்ஸ் சொன்ன எண்தான். ஒன்றரைக் கிலோ.