மடியில் அடங்கும் பெட்டி

ரெம்பியாவிலிருந்து குருபோங் போகும் ஃபேக்டரி பஸ்ஸில்தான் எனக்கு இசையமைக்க நேரம் கிடைக்கிறது. கீபோர்டு பக்கத்து ஆளை இடிக்கும், லேப்டாப் குலுங்கும். அதனால் பட்டன்களைத் தட்டித் தாளம் அமைக்கும், பேட்டரியில் ஓடும் சின்னத் தாளப் பெட்டி ஒன்றை வாங்கினேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டால் யாருக்கும் தொந்தரவில்லை என்று நினைத்தேன்.

பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டு வரும் ஆண்ட்டி ஒரு நாள் சொன்னார்: "உன் பாட்டு எனக்குக் கேக்கல தம்பி. டொக்கு டொக்குன்னு தட்டுறதுதான் கேக்குது."

எரிச்சலாக இருந்தது. தூங்குகிறவருக்காக யாராவது கருவியை மாற்றுவார்களா? நான் மாற்றினேன். மெத்தென்ற ரப்பர் பட்டன் வைத்த வேறொன்றைத் தேடி வாங்கினேன். அதில் விரலுக்குத் தாளம் பிடிபடவே இல்லை. இருந்தாலும் அதைக் கொண்டுபோன முதல் நாள் சத்தமில்லாமல் தட்டிக்கொண்டு போனேன்.

குருபோங்கில் இறங்கும்போது ஆண்ட்டி கேட்டார்: "அந்தப் பழைய பெட்டி எங்க? இன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல லா."