வெளியே நிற்பவர்

திரைப்படப் பயிற்சியின் முதல் வகுப்பில் ஆசிரியர் காட்சியை மறைத்து, ஒலியை மட்டும் கேட்கச் சொன்னார். ஹெட்போனில் இருவரின் செருப்பொலி நெருங்கியது.

என் சிறுவயதில், குடவாசலில் ஆட்சி மாறியும் மிராசுதார் மாறாத காலம். குத்தகை நிலத்தை விட மறுத்த அப்பாவைத் தேடி இரண்டு அடியாட்கள் வந்தனர். அதற்குள் அம்மா அப்பாவையும் என்னையும் நெல் தீர்ந்த மண்குதிருக்குள் இறக்கி மூடிவிட்டாள். உமித்தூசியில் நான் தும்மிவிடாதபடி அப்பா என் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“அவரு நன்னிலம் போயிருக்காருங்க,” என்றாள் அம்மா.

“வந்தா சொல்லு. இனி வயல்ல இறங்குனா காலு இருக்காது.”

செருப்பொலி விலகியது. நான் மூடியைத் தொட்டேன்.

“இரும்மா,” என்றார் அப்பா காதோடு. “வந்தது ரெண்டு பேரு. போனது ஒருத்தன்தான்.”

இருட்டும்வரை நாங்கள் அசையவில்லை.

ஹெட்போனில் செருப்பொலி விலகி ஓய்ந்தது. “எல்லாரும் போயாச்சு. ஹெட்போனைக் கழட்டுங்க,” என்றார் ஆசிரியர்.

“ஒருத்தர் இன்னும் நிக்கிறாருங்க சார்,” என்றேன். என் கை மூக்கைப் பொத்தியிருந்தது.