ஸ்டெல்லா டீச்சரின் கியர் பாக்ஸ்

சர்வீஸ் சென்டர் வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு கவுண்டருக்கு வருவதுதான் கஸ்டமர்களின் வழக்கம். இவர் இறங்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருவனந்தபுரத்தில் ஒரு கார் டீலரிடம் நான் சர்வீஸ் அட்வைசர். தமிழ் பேசுகிறவர்கள் வந்தால் என்னிடம்தான் அனுப்புவார்கள். பெரும்பாலும் சாலை பஜாரில் கடை வைத்திருக்கும் தமிழர்கள். அன்றும் என்னைத்தான் அனுப்பினார்கள்.

“இறங்க நேரமெடுக்கும் சாரே, கோவிச்சுக்காதீங்க,” என்றார் உள்ளே இருந்த அம்மா. “மூணாவது கியர் இறக்கத்துல தானா கழண்டு நியூட்ரலுக்கு வந்திருது. உள்ள ஒரு ஊளைச் சத்தமும் உண்டு.”

பின்சீட்டில் ஊன்றுகோல்கள் கிடந்தன. ஸ்டியரிங்குக்குக் கீழே பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்குமாக ஒரு கைப்பிடி. கியர் லீவரோடு சேர்த்து க்ளட்ச்சுக்கு இன்னொன்று. பெயர் ஸ்டெல்லா, பொன்முடி மலையில் எஸ்டேட் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் டீச்சர். சின்ன வயதில் வந்த போலியோவால் இரண்டு கால்களிலும் பலமில்லை. வீடு மலையடிவாரத்தில். மேலே போகும் பஸ்ஸே குறைவு. அதன் படிகளில் அவரால் ஏற முடியாது. கார் நின்றால் வேலையும் நிற்கும்.

கம்பெனி வாரண்டி முடிந்து எக்ஸ்டெண்டட் வாரண்டி ஓடிக்கொண்டிருந்தது. க்ளெயிம் போட்டேன். மாடிஃபிகேஷன் செய்த வண்டி, கிடைக்காது என்று பதில் வந்தது. டீச்சருக்குப் போன் செய்து சொன்னேன்.

“நான் மாத்தினது ஓட்டுற விதத்தைத்தான். ஆர்.டி.ஓ. ஆபீசுல காட்டி ஆர்.சி.லயும் ஏத்தியாச்சு. கெட்டுப்போனது கியர் பாக்ஸு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு அவங்க சொல்லட்டுமே.”

போனை வைத்துவிட்டு ஒர்க்ஸ் மேனேஜர் சுகுமாரன் சாரிடம் போய் நின்றேன். மலையாளி, என்னோடு மட்டும் அவர் பாணித் தமிழில் பேசுவார்.

“டீச்சர் கேக்குறது சரிதானல்லே? பாக்காம எப்படி இல்லைன்னு சொல்றது? அவங்க ஆளை வரச் சொல்லு, கேட்டோ,” என்றவர், என்னை விடாமல் தானே போனை எடுத்து வாரண்டிக்காரர்களோடு வாதாடினார்.

வாரண்டிக்காரர்களின் இன்ஸ்பெக்டர் எர்ணாகுளத்திலிருந்து வந்தார். டீச்சரும் காரோடு வந்திருந்தார். முரளி என்று பெயர், சொந்த ஊர் கோயம்புத்தூர். க்ளட்ச் கைப்பிடியை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

“இது முழுசா அமுங்காதுங்க. க்ளட்ச் பாதி பிடிச்சிருக்கப்பவே கியர் மாத்தினா, கியரை உரசாமக் கோக்குற சிங்க்ரோ ரிங் தேஞ்சு போயிரும். இது அந்தக் கேஸ்தானுங்க.”

அப்படி நடக்கக்கூடியதுதான். டீச்சர் கோபப்படவில்லை. “ரிப்போர்ட் எழுதுறதுக்கு முன்ன ஒருதடவ என்கூட வாங்க சாரே,” என்று எட்டி முன்கதவைத் திறந்துவிட்டார். நான் பின்னால் ஊன்றுகோல்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

இந்த ஊரில் ஏற்ற இறக்கத்துக்குப் பஞ்சமில்லை. டீச்சர் கியர் மாற்றியபோது ஓர் உரசல் சத்தம்கூட வரவில்லை. ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் இறக்கத்தில் மூன்றாவது கியர் டக்கென்று கழன்றது. வண்டி தன்போக்கில் வேகமெடுத்தது. அவர் பிரேக்கைப் பிடித்து, இரண்டாவதில் போட்டு, ஓரமாக நிறுத்தினார். முரளி இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்திருந்தார்.

“மலையிலயும் இப்படி ஆச்சுங்களா?”

“ஆச்சு. கொண்டை ஊசி வளைவுல. அதுக்குப் பிறகு மேல கொண்டு போகல்ல. லீவு போட்டிருக்கேன்.”

முரளி டாஷ்போர்டிலிருந்து கைகளை எடுத்தார். “பிரிச்சுப் பாத்திரலாங்க. க்ளட்ச்சால வந்ததில்லேன்னா நானே பாஸ் பண்ணித் தர்றேன்.”

பிரித்த பிறகு க்ளெயிம் தள்ளுபடியானால், லேபர் சார்ஜ் கஸ்டமர் தலையில் விழும். ஒர்க்ஷாப்புக்குத் திரும்பியதும் அதைச் சொல்ல நான் வாயெடுத்தேன். சுகுமாரன் சார் முந்திக்கொண்டார்.

“பிரிக்கிறது ஒர்க்ஷாப் பொறுப்பு. டீச்சர் அதை யோசிக்க வேண்டா.”

முதலாளியிடம் கேட்காமலே சொன்னார்.

கியர் பாக்ஸ் பெஞ்சுக்கு வந்ததும் முரளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு எங்கள் மெக்கானிக்கோடு நின்றார். சிங்க்ரோ ரிங்குகள் நன்றாக இருந்தன. க்ளட்ச் பிளேட்டும் சீராகவே தேய்ந்திருந்தது. ஷாஃப்டைத் தாங்கும் ஒரு பேரிங்கின் கூடு உடைந்து, ஷாஃப்டே ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம்தான் கியரைக் கழற்றியது. ஊளைச் சத்தமும் அதனால்தான். முரளி உடைந்த பேரிங்கை ஒரு துணியில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பார்ட்டுலதான் டிஃபெக்ட்டுங்க. நான் சொன்னது தப்பு,” என்று எல்லார் முன்னிலையிலும் டீச்சரிடம் சொன்னார். அவர் வாய் திறக்காமல் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

க்ளெயிம் பாஸாகி, புதுப் பேரிங் போட்டுத் திரும்பப் பூட்டியபோது மெக்கானிக் காலால் மிதித்துப் பார்த்து க்ளட்ச்சை அட்ஜஸ்ட் செய்தார். டீச்சர் கைப்பிடியைப் பிடித்தார். “காலுக்குச் சரியா இருக்கும். கைக்கு வலிக்குது.” அவரை சீட்டில் உட்காரவைத்தே மறுபடி செய்தோம். அவர் போதும் என்கிற வரைக்கும்.

மலையேறிய அன்று பள்ளியிலிருந்தே போன் செய்தார். “வளைவெல்லாம் கேறி வந்தாச்சு. ஒரு சத்தமில்ல. கார் வர்றதப் பாத்துட்டு பிள்ளைங்க கேட் வரைக்கும் ஓடி வந்துச்சுங்க. நாளைக்குப் பரீட்சைன்னு சொன்னேன். திரும்பி ஓடிட்டுதுங்க!”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மாடிஃபைட் வண்டி என்று கேட்டதுமே பதிலைச் சொல்லிவிடாதீர்கள். எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று திறந்து பாருங்கள். முடிந்தால் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் ஒருமுறை உட்கார்ந்து போய் வாருங்கள். ட்ரெயினிங்கில் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. டீச்சரும் சுகுமாரன் சாரும் முரளியும் செய்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர்களோடு அன்று அந்த பெஞ்சருகே நிற்க வாய்த்தது என் பாக்கியம்.